ஏழாம் கூடைக் காற்று

எதைப் பார்த்தாலும் அளந்து பார்க்கத் தோன்றும் எனக்கு. தொழில் அப்படி. காந்தி மார்க்கெட் பக்கத்தில் நானும் என் வீட்டுக்காரர் விக்டரும் எலக்ட்ரானிக் தராசு ரிப்பேர் கடை வைத்திருக்கிறோம். வெங்காய மண்டித் தராசிலிருந்து நகைக்கடைத் தராசு வரை எல்லாம் வரும். "அம்பது கிராம் கூடக் காட்டுதும்மா" என்று ஒருவர் தூக்கிக்கொண்டு வருவார். நான் முத்திரை குத்திய எடைக்கல்லை வைத்துப் பார்த்து, கோளாறு தராசிலா ஆளிடமா என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். மார்க்கெட்டில் பிரான்சி என்று என் பெயரைச் சொன்னால் பாதிப் பேர் முகம் சுளிப்பது இதனால்தான்.

இப்படி ஊரை அளந்துகொண்டிருந்த எனக்கு, நாற்பத்திரண்டாவது வயதில் என்னை அளக்கிற எண் ஒன்று கிடைத்தது. எழுநூற்றுத் தொண்ணூற்றொன்று.

அது டிஸ்க் கால்ஃப் என்ற விளையாட்டில் எனக்குக் கிடைத்த ரேட்டிங். பெயரில் கால்ஃப் இருந்தாலும் பந்தும் கிடையாது, மட்டையும் கிடையாது. டிபன் தட்டு அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதைக் கையால் வீசி எறிய வேண்டும். எண்பது, நூறு மீட்டர் தள்ளி ஓர் இரும்புக் கம்பத்தில் கூடை இருக்கும், அதற்கு மேல் சங்கிலிகள் தொங்கும். தட்டு சங்கிலியில் பட்டுக் கூடையில் விழ எத்தனை எறி ஆயிற்று என்பதுதான் கணக்கு. குறைவாக எறிகிறவர் கெட்டிக்காரர். அவ்வளவுதான் விளையாட்டு. கேட்கிறபோது சிரிப்பாக இருக்கும். எறிந்து பார்த்தால் விடாது.

திருச்சிக்கு இதைக் கொண்டுவந்தவர் நசுருதீன் பாய். தென்னூரில் கிரில் பட்டறை வைத்திருக்கிறார். மலேசியாவில் வெல்டராக இருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் கற்றுக்கொண்டாராம். ஊருக்கு வந்ததும் பட்டறையிலேயே ஒன்பது கூடைகளைத் தன் கையால் பற்றவைத்தார். அவர் பட்டறைத் தராசைப் பார்க்கப் போன அன்று மூலையில் நின்ற ஒன்றைக் காட்டி, "இது என்ன பாய், கோழிக்கூண்டா? கோழி எங்க?" என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் நிம்மதியாகத் துணி துவைத்துக்கொண்டிருப்பேன்.

அந்தக் கூடைகளை நட்டுக்கொள்ள இடம் கொடுத்தவள் வீராயி. ஸ்ரீரங்கத்திலிருந்து மேலூர் போகிற வழியில், கொள்ளிடக் கரையை ஒட்டி, அவளுக்கும் அவள் கணவர் பிச்சமுத்துவுக்கும் தென்னந்தோப்பு இருக்கிறது. தோப்பைத் தாண்டினால் வாழை. வீராயிக்கு என்னைவிட ஆறு வயது குறைவு. முதல் வாரம், வாழைக்குள் விழுந்த தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு சண்டைக்குத்தான் வந்தாள். அடுத்த வாரம் வேடிக்கை பார்க்க வந்தாள். அதன் பிறகு அவள் வராத ஞாயிறே இல்லை. ஆனால் ஒரு தட்டைக்கூட எறிய மாட்டாள். "நாள் பூரா கையாலதானே வேலை, விளையாட்டுக்கும் கையா?" என்பாள். கரைமேல் ஏறி நின்றுகொண்டு பேசுவாள். ஆட்டம் முடியும்வரை பேசுவாள்.

"பொறுங்கக்கா, காத்து வருது. ம், போயிடுச்சு, இப்ப எறியுங்க. பாய், அந்தப் பக்கம் வேணாம், கரையில மோதித் திரும்பும்."

எனக்கு அது வாய்க்கால் சத்தம் மாதிரி ஆகிவிட்டிருந்தது. காதில் விழும், ஆனால் கேட்கிறோம் என்பதே தெரியாது.

நான், பாய், இன்னும் மூன்று பேர் என்று ஐந்து பேர் வாராவாரம் ஆடினோம். அந்த மூவருக்கும் இந்தக் கதையில் வேலை இல்லை, விட்டுவிடலாம். பாய் அவ்வப்போது முறையாகப் பதிவு செய்து போட்டி வைப்பார். எண்கள் இணையத்தில் ஏறும். மூன்று வருடத்தில் நான் எங்கேயோ போய்விட்டேன். முதலில் ஐந்து எறி ஆன கூடைக்கு இப்போது மூன்று போதும். ஆனால் ரேட்டிங் மட்டும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது. கோளாறு இருக்கிற தராசைப் பார்த்தால் எனக்கு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. ஒரு நாள் பாயைப் பிடித்துக்கொண்டேன்.

"மூணு வருஷமா நாயா உழைக்கிறேன் பாய். எண்ணு ஏன் அசையவே மாட்டேங்குது?"

"அது எப்படி அசையும் தங்கச்சி? நாம எத்தனை எறியில முடிச்சோம்னு மட்டும் அது பாக்காது. கூட ஆடினவங்க ரேட்டிங் என்ன, அவங்கள விட நாம நல்லா ஆடினமா, மோசமா ஆடினமா, அதத்தான் பாக்கும். நம்ம அஞ்சு பேரும் சேந்தே தேறிட்டோம். கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? தோப்பு லேசாயிடுச்சுன்னு நெனச்சுக்கும்."

தோப்பு லேசாகிவிட்டது! எனக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஆனால் விஷயம் உடனே பிடிபட்டது. கடையில் ஐந்து தராசு இருக்கிறது, எடைக்கல் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை வைத்து இன்னொன்றைச் சரிபார்த்தால் ஐந்தும் ஒரே மாதிரி காட்டும். சரியாகக் காட்டுகிறதா என்பது யாருக்கும் தெரியாது. எடைக்கல் வெளியிலிருந்துதான் வர வேண்டும்.

எனக்கு அந்த எடைக்கல் அவசரமாகத் தேவைப்பட்டது. செப்டம்பரில் தாய்லாந்தில் ஒரு தொழில்முறைப் போட்டி. பெண்கள் பிரிவில் சேர வேண்டுமானால் ரேட்டிங் குறைந்தது எண்ணூறு இருக்க வேண்டும். ஜூலை முப்பத்தொன்றோடு பட்டியலை மூடிவிடுவார்கள். பாஸ்போர்ட் எடுத்து வைத்து நாலு வருடம் ஆகிறது, அதில் ஒரு முத்திரைகூட இல்லை. ஜெயிக்கவா போகிறாய் என்று விக்டர் கேட்டார். இல்லை. கடைசியாக வந்தாலும் சரி. என்னை யாரென்றே தெரியாத இருபது பேர் நடுவில் நான் எவ்வளவு என்று ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அந்த ஆசை எனக்கு வெட்கமில்லாமல் இருந்தது. நகை, நிலம், வீடு எதற்கும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை.

பாயும் நானும் பட்டறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அதுவரை போட்டிகளில் பதிவான என் எட்டு ஆட்டங்களின் சராசரி எழுநூற்றுத் தொண்ணூற்றொன்று. இன்னும் இரண்டு ஆட்டம் ஆடி, இரண்டும் சேர்ந்து ஆயிரத்து அறுநூற்றெழுபத்திரண்டு வந்தால் பத்தின் சராசரி சரியாக எண்ணூறு. ஒரு எறி குறைந்தால் அந்த ஆட்டத்துக்குப் பத்துப் புள்ளி ஏறும். முடியாத காரியம் இல்லை, வெளியாட்கள் வந்தால்.

பாய் பெங்களூரில் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டார். நாலு பேர் வருவதாக ஒத்துக்கொண்டார்கள். அவர்களில் சித்தார்த் என்பவனுக்கு மட்டும் தமிழ் வரும், சொந்த ஊர் ஓசூர். ரேட்டிங் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டு. மற்ற மூவரும் தொள்ளாயிரத்தை ஒட்டி. முத்திரை குத்திய நாலு எடைக்கற்கள்!

ஆடி மாதத்து இரண்டாம் ஞாயிறு காலையில் ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் வந்து இறங்கினார்கள். நானும் பாயும் போய் அழைத்துவந்தோம். ஆடிக் காற்று எப்படி இருக்கும் என்று திருச்சிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேற்கிலிருந்து வரும். வேகத்தைவிட அதன் புத்திதான் மோசம். நிற்கும், போய்விட்டது என்று நினைக்கும்போது ஆளைத் தள்ளும். வந்தவர்கள் தென்னை மட்டைகள் ஆடுவதை அண்ணாந்து பார்த்தார்கள். எனக்கு உள்ளுக்குள் குதூகலமாக இருந்தது. பெங்களூர்ப் பார்க்கில் எறிகிறவர்களுக்கு இது புரியாது. அவர்கள் தடுமாறத் தடுமாற என் எண் ஏறும். ஊர்க் காற்றை வைத்து இப்படி எண்ணை ஏற்றிக்கொள்ள முடியும் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

நான் வீராயியைக் கணக்கில் சேர்க்கவில்லை.

வீடு தேடி வந்தவர்கள் என்று அவள் விடியற்காலையே இட்லிக்கு ஊற்றி, வாழைப்பூ வடை சுட்டு வைத்திருந்தாள். ஆட்டம் ஆரம்பித்ததும் எங்களை விட்டுவிட்டு அவர்களோடு நடந்தாள்.

"தம்பி, ஒசத்தி எறியாதீங்க. மட்டைக்கு மேல காத்து வேற மாதிரி போவும். தாழ விடுங்க."

சித்தார்த் தாழ விட்டான். சங்கிலி கலகலவென்று சத்தம் போட்டது.

"இந்தக் கூடைக்கு வாழைய ஒட்டியே விடுங்க. கரையில மோதுற காத்து கொண்டாந்து சேத்துரும்."

சேர்த்தது. "அக்கா, நீங்க சொன்ன மாதிரியே!" என்று சித்தார்த் கத்தினான். தமிழ் தெரியாத மூவரும் அவள் கை காட்டுகிற பக்கத்தைப் பார்த்து எறியக் கற்றுக்கொண்டார்கள். ஏழாவது கூடை வந்தது. அங்கே எறிகிற இடம் தென்னைக்கு அடியில், கூடை வாய்க்காலுக்கு அப்பால், வாழைக்குக் கடைசியில். காற்று எப்போது வரும் என்பது கீழே நிற்பவருக்குத் தெரியாது. வீராயி கரைமேல் ஏறி நின்றுகொண்டு, "இருங்க, இருங்க... ம், இப்ப!" என்றாள். நாலு தட்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க் கூடைக்குக் கீழே அடுக்கிவைத்ததுபோல் உட்கார்ந்தன.

எனக்கு வயிறு எரிந்தது. அவளை என்னவென்று தடுப்பது? அவள் தோப்பு, அவள் வீட்டுக்கு வந்த விருந்தாளிகள். அதுவும் எங்களுக்குச் செய்வதைத்தான் அவர்களுக்கும் செய்கிறாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு என் ஆயுளிலேயே சிறந்த ஆட்டத்தை ஆடினேன். அப்படியும் மதியம் பாய் போனில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"எண்ணூத்தி இருவத்தொம்போது. நல்ல ஆட்டந்தான் தங்கச்சி. ஆனா அவங்களும் பின்னிட்டாங்களே. மத்தியானம் எண்ணூத்தி நாப்பத்திமூணு வேணும்."

"முடியுமா?"

"அவங்க இப்படியே ஆடினா நடக்காது."

வீராயி தென்னை நிழலில் இலை போட்டு நாலு பேருக்கும் கெண்டை மீன் குழம்பு ஊற்றினாள். சித்தார்த் மூன்றாவது தடவை சோறு வாங்கினான். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, போட்டியை அவளே ஜெயித்ததுபோல் இருந்தது. நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். எண்ணூற்று நாற்பத்து மூன்று. மனசு அதிலேயே நின்றது.

சாப்பிட்டு முடித்ததும் அவள் மோட்டார் தொட்டியில் பாத்திரம் கழுவப் போனாள். பின்னாலேயே போனேன்.

"வீராயி, மத்தியானம் காத்தப் பத்தி எதுவும் சொல்லாத."

"ஏங்க்கா?"

நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவர்கள் நன்றாக ஆடினால் என் எண் ஏறாது என்று. ஆனால் மீன் குழம்பு மணம் கையில் அப்படியே இருந்தது.

"போட்டின்னா வெளியாளு யாருக்கும் எதுவும் சொல்லக் கூடாது. அப்படித்தான் ரூல்."

அப்படி ஒரு விதி எனக்குத் தெரிந்து எங்கும் கிடையாது. அவள் கையிலிருந்த குண்டானை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பினாள். பயந்துபோயிருந்தாள்.

"அய்யய்யோ, காலையில பூரா கத்திக்கிட்டு இருந்தேனே. உங்களுக்கு ஏதும் ஆயிடுமாக்கா?"

"அதெல்லாம் ஆகாது. போனது போகட்டும். இனிமே வேணாம், யாருக்கும்."

"சத்தியமா வாயத் தொறக்க மாட்டேன்."

இதைச் சொல்கையில் எனக்கு வெட்கமாக இல்லையா என்று கேட்டால், அப்போது இல்லை. கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. வெட்கத்துக்கு இடம் இல்லை.

மத்தியான ஆட்டம் ஆரம்பித்தது. வீராயி வந்தாள், கூடவே நடந்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. முதல் கூடையிலேயே வித்தியாசம் தெரிந்தது. சித்தார்த் உயர்த்தி எறிந்தான். மட்டைக்கு மேலே போன தட்டைக் காற்று சுழற்றி வாழைக்குள் கொண்டுபோய்ப் போட்டது. அவன் சிரித்துக்கொண்டே, "என்னக்கா, காத்து மாறிடுச்சா?" என்று அவளைக் கேட்டான். அவள் தரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் தட்டைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

இன்னும் இரண்டு தடவை அவன் வாழைக்குள் விட்டான். மற்ற மூவரில் ஒருவன் வாய்க்காலில் விட்டான். ஒவ்வொரு தடவையும் என் எண் ஏறுவது எனக்குக் கண்ணில் தெரிந்தது. ஐந்து, பத்து, பதினைந்து. சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? பெரிய சந்தோஷமாகவே இருந்தது. எனக்கும் அங்கொன்றும் இங்கொன்றும் எறி கூடியது. ஏன் கூடுகிறது என்று யோசிக்கவில்லை, கை களைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அவர்களுக்கு அதைவிட அதிகமாகக் கூடியது. அதுதானே வேண்டும்.

ஒன்பது கூடைகளை இரண்டு சுற்று வந்தால் ஓர் ஆட்டம். முதல் சுற்றில் நான் ஏழாவதுக்கு எறிந்தபோது நல்லவேளையாகக் காற்றே இல்லை. இரண்டாவது சுற்றில் ஏழாவதுக்கு வந்தபோது பாய் என் பக்கத்தில் வந்து, "சரியாப் போய்க்கிட்டு இருக்கு. ஒரு எறிகூட வீணாக்காத தங்கச்சி" என்று காதோடு சொன்னார்.

தட்டைக் கையில் எடுத்து நின்றேன். தென்னை மட்டைகள் அசையவில்லை. எறிய வேண்டியதுதான். ஆனால் கை போகவில்லை. எதற்கோ காத்துக்கொண்டு நின்றேன். எதற்கு என்று எனக்கே புரியவில்லை. மூன்று வருடமாக இதே இடத்தில் நின்று எறிகிறேன், இந்தக் கூடை எனக்கு அத்துப்படி என்று நாலு பேரிடம் பெருமை பேசியிருக்கிறேன். அப்புறம் என்ன?

வீராயியின் குரலுக்காகத்தான் நின்றேன் என்பது மெல்லத்தான் உறைத்தது.

நிமிர்ந்து பார்த்தேன். அவள் கரைமேல் நின்றாள். அங்கிருந்து பார்த்தால் கொள்ளிடத்து மணல் முழுக்கத் தெரியும். காற்று வருவதற்கு முன்னால் மணல் கிளம்பும், அதைப் பார்த்துத்தான் அவள் எங்களுக்கு எப்போதும் சொல்வாள். இப்போது முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கேட்டிருக்கலாம். "வீராயி, எப்படி இருக்கு?" என்று ஒரு வார்த்தை. ஆனால் சித்தார்த் இரண்டடி தள்ளி நின்றான். மத்தியானத்திலிருந்து அவனுக்கு இல்லாமல் ஆக்கியதை அவன் எதிரிலேயே நான் மட்டும் எப்படிக் கேட்டு வாங்குவது?

எறிந்தேன். தட்டு கையை விட்டுப் போனபோது அருமையாகத்தான் போனது. வாய்க்காலைத் தாண்டியபோது காற்று வந்தது. தட்டைத் தூக்கியது, கவிழ்த்தது, நட்டநடு வாழைக்குள் செருகியது. அங்கிருந்து வெளியே எடுத்துப்போட ஓர் எறி. மூன்றில் முடிகிற கூடை நாலில் முடிந்தது.

மற்ற இரண்டு கூடைகளும் ஒழுங்காக முடிந்தன. சாயங்காலம் நாலு பேரும் கிளம்பினார்கள். வீராயி ஆளுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தாள், ஆனால் யார் முகத்தையும் பார்த்துக் கொடுக்கவில்லை. சித்தார்த் என்னிடம், "கண்டிப்பா வந்துடும்க்கா, எண்ணூறு" என்றான்.

புதன்கிழமை மத்தியானம் எண் வந்தது. கடையில் ஒரு பழமண்டித் தராசைத் திறந்து வைத்திருந்தேன். போனைப் பார்த்தேன், வைத்தேன், மறுபடி எடுத்துப் பார்த்தேன். மத்தியான ஆட்டம் எண்ணூற்று முப்பத்து மூன்று. பத்தின் சராசரி எழுநூற்றுத் தொண்ணூற்றொன்பது.

விக்டர் எட்டிப் பார்த்தார். "ஒண்ணுதானே கம்மி? எண்ணூறுன்னு போட்டுக்க மாட்டாங்களா?"

"நம்ம கடைக்கு வர்ற தராசுல அப்படிப் போட்டுக் குடுப்பீங்களா?" என்று எரிந்து விழுந்தேன். அவர் என்ன செய்வார் பாவம். டீ வாங்கப் போய்விட்டார். நான் திறந்து கிடந்த தராசின் முன் உட்கார்ந்து அழுதேன்.

அழுது முடித்ததும் பழைய புத்தி வந்துவிட்டது. ரேட்டிங் ஏற்றுகிற இணையப் பக்கத்தைத் திறந்து எல்லாருடைய எண்ணையும் வரிசையாகப் பார்த்தேன். எனக்கு எட்டு ஏறியிருந்தது. பாய்க்கு ஆறு. வந்த நாலு பேருக்கும் இறங்கியிருந்தது. சித்தார்த்துக்கு ஐந்து. எங்களுக்கு ஏறியதில் பாதி எங்கள் கையால் வந்தது, மறைக்க ஒன்றுமில்லை. மீதி எங்கிருந்து வந்தது என்பதும் அந்தப் பக்கத்திலேயே இருந்தது. எனக்கு வேண்டியிருந்தது ஓர் எறி. அது எந்த எறி என்பதற்குக் கணக்கே தேவையில்லை.

அடுத்த ஞாயிறு மற்றவர்கள் வருவதற்கு முன்னாலேயே தோப்புக்குப் போய்விட்டேன். வீராயி வாழையில் சருகு அறுத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அரிவாளைக் கீழே வைத்தாள்.

"வந்துடுச்சாக்கா?"

"வந்துடுச்சு. எழுநூத்தித் தொண்ணூத்தொம்போது. ஒண்ணு கம்மி."

"ஒண்ணுன்னா எவ்வளவு?"

"ஒரு எறி."

அவள் முகம் விழுந்துவிட்டது. "ஏழாவதுதானேக்கா?"

"எந்த எறின்னு எப்படிச் சொல்றது? அங்க இங்க கூடியிருக்கும்."

"இல்லக்கா, ஏழாவதுதான். எனக்குத் தெரியும். ஆத்துல மணலு கெளம்புறதப் பாத்தேன். பொறுங்கன்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு. ரூலுன்னு சொன்னீங்களே. நான் ஒருத்தி கத்தி, உங்கள ஆட்டத்த விட்டே எடுத்துட்டா என்ன பண்றது? அதான் முந்தானைய வாயில வெச்சு அடைச்சுக்கிட்டேன். நீங்க வேற என்னையே பாத்தீங்க." அவள் கண் நிறைந்துவிட்டது. "அன்னையிலேருந்து எனக்குச் சோறு எறங்கலக்கா. மன்னிச்சுக்குங்க."

பரவாயில்லை என்று சொல்லி அவள் தோளைத் தட்டிவிட்டு வந்திருக்கலாம். விதி விதியாகவே இருந்திருக்கும். அவள் எனக்காக வருத்தப்பட்டுக்கொண்டே அடுத்த வாரமும் வடை சுட்டுக் கொண்டுவந்திருப்பாள். அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு என்மேலேயே வந்த அருவருப்பு இருக்கிறதே, அதை எந்த எண்ணாலும் சொல்ல முடியாது.

"அப்படி ஒரு ரூல் இல்ல, வீராயி."

"என்னது?"

"ரூலே இல்ல. நான் சொன்ன பொய். நீ சொல்லச் சொல்ல அவங்க நல்லா ஆடினாங்க. அவங்க மோசமா ஆடினாத்தான் என் எண்ணு ஏறும். அதான் உன் வாய அடைச்சேன்."

திட்டுவாள் என்று நினைத்தேன். முதல் வாரம் தட்டைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்தவள்தானே. அவள் திட்டவில்லை. அறுத்துப்போட்ட சருகைக் காலால் ஒதுக்கினாள்.

"நாலு பேரும் என் கையாலதான் தின்னுட்டு வந்து நின்னாங்க" என்றாள். "அந்தத் தம்பி ஒவ்வொரு தரம் வாழைக்குள்ள விட்டுட்டும் என் மொகத்தப் பாத்துச்சு. நான் கல்லாட்டம் நின்னேன். சட்டம்னு நெனச்சு நின்னேன்."

"என் மேலதான் தப்பு."

"ஆமா. உங்க மேலதான்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "போன் போடுங்க."

"யாருக்கு?"

"அந்தத் தம்பிக்கு. நீங்களே சொல்லுங்க. நான் இங்கயே நிக்கிறேன்."

போட்டேன். ஸ்பீக்கரில் போடச் சொன்னாள், போட்டேன். இரண்டாவது மணியிலேயே சித்தார்த் எடுத்துவிட்டான்.

"அக்கா! நானே கூப்பிடணும்னு இருந்தேன். எண்ணூறு வந்துடுச்சா? உங்களுக்காகத்தான் நாலு பேரும் திங்கக்கிழமைக்கு லீவு சொல்லிட்டு வந்தோம், தெரியுமா? சொல்லுங்க, சொல்லுங்க!"

வீராயி இடுப்பில் கைவைத்து எனக்கு நேர் எதிரே நின்றாள்.

"எண்ணூறு வரல, சித்தார்த். ஆனா அதச் சொல்லக் கூப்பிடல" என்று ஆரம்பித்தேன். மீதியைச் சொல்லி முடிக்கும்வரை அவள் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.